சன்னாசி சொன்ன தண்ணி

சன்னாசி என்ற பெயரை அன்னம்மா முதன்முதலில் கேட்டது தங்கை புஷ்பாவுக்கு மாப்பிள்ளை தேடிய வருஷத்தில். பெயரைக் கொண்டுவந்தவர் இராமையா மாமா. கூடப்பிறந்த மாமா அல்ல, அம்மாவின் பெரியம்மா மகன். ஆனாலும் மலேசியாவின் ஆனைமேட்டுத் தோட்டத்து லயத்து வீடுகளில் நல்லது கெட்டதுக்கு முதலில் வந்து உட்காருகிறவர் அவர்தான்.

“பையன் பேரு சன்னாசி,” என்றார்.

அன்னம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “சன்னாசிக்கு எதுக்கு மாமா பொண்டாட்டி? திருவோடு கழுவிக் கொடுக்கவா?”

“பல்லக் காட்டாத புள்ள. பேருதான் சன்னாசி, ஆளு கெட்டிக்காரன். எல்லாத்துக்கும் மேல, குடிக்க மாட்டான். இந்தத் தோட்டத்துல குடிக்காத ஆம்பள இன்னொருத்தனக் காட்டு, நான் மீசைய எடுத்துடறேன்.”

யாராலும் காட்ட முடியவில்லை. மாமாவின் மீசை அவர் கட்டையில் போகும்வரை இருந்தது.

சன்னாசி குடிக்காததற்குக் காரணம் உண்டு. அவருடைய அப்பா சம்சுவில் போனவர். மலிவுச் சாராயம் அது. தோட்டம் தோட்டமாக எத்தனை குடும்பத்தைத் தின்றது என்று எண்ணினால் விரல் போதாது. காரியம் முடிந்த அன்றே சன்னாசியின் அம்மா மகனை மாரியம்மன் கோயிலுக்கு இழுத்துப்போய், எரிகிற சூடத்தின் மேல் அடித்துச் சத்தியம் வாங்கினாள். அன்றிலிருந்து கல்யாண வீட்டில் ரோஸ் சர்பத் கொடுத்தால்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பார்.

“என்னா மாப்ள, பெட்ரோலா ஊத்திக் கொடுத்துட்டோம்?” என்று அன்னம்மா கேலி பண்ணுவாள்.

“மூக்குக்குத் தெரியாம எதுவும் உள்ள போகக் கூடாதுக்கா,” என்பார்.

இந்த மனிதரைத்தான் குடிகாரன் என்றார்கள். குடித்துவிட்டு வேலை பார்த்து ஒரு விமானத்தை விழ வைத்தவன் என்றார்கள். சொன்ன வாய்கள் இன்னும் நன்றாகச் சோறு தின்றுகொண்டுதான் இருக்கின்றன.

ஆனைமேட்டுத் தோட்டத்தின் வடக்கு மூலையில் ஒரு செம்மண் ஓடுபாதை உண்டு. செம்பனை மரங்களுக்கு மேலே பறந்து உரம் தூவும் சின்ன விமானம் அங்கிருந்துதான் ஏறும், இறங்கும். ஒற்றை என்ஜின், ஒரே ஓர் ஆள் உட்காரும் இடம், வயிற்றில் உரத் தொட்டி. அவ்வளவுதான் விமானம்.

அந்த ஓடுபாதைக்குச் சன்னாசிக்கு முன்பே இரண்டு விபத்து தெரியும். அடுத்த வீட்டுப் புனிதவதிக்குத் தலைப்பிள்ளை பிறந்த வருஷம் ஒன்று. தாழப் பறந்த விமானம் மின்கம்பியில் மாட்டி, ஓட்டியவர் அங்கேயே போனார். கம்பியில் ஓர் அடையாளப் பந்துகூடக் கட்டியிருக்கவில்லை. ஆனால் பழி யார்மேல் வந்தது தெரியுமா? எந்த நிரையில் உரம் போட வேண்டும் என்று காட்டக் கீழே கொடி பிடித்து நின்ற லீலாவதிமேல். தப்பான இடத்தில் நின்றாளாம். வேலை போய், அண்ணன் வீட்டுக்கு ரவாங்கிற்கு மூட்டை கட்டினாள். அடுத்தது இராமையா மாமாவின் மகன் சிவநேசன் கல்யாணத்துக்கு மறுமாதம். பறந்துகொண்டிருக்கும்போதே எண்ணெய், அதாவது பெட்ரோல், தீர்ந்து, தஞ்சோங் காராங் பக்கம் வயல்வாய்க்காலில் இறங்கி, ஓட்டியவருக்குக் கால் முறிந்தது. எண்ணெய் அளவு காட்டும் முள் நாலு மாதமாக ஆடாமல் கிடந்ததாம். அதைச் சரிசெய்யாதவன் பெயர் வெளியே வரவில்லை. எண்ணெய் ஊற்றிய கூலியாளின் பெயர்தான் வந்தது. மேலே ஏறுகிறவன் செத்தாலும் பிழைத்தாலும், பழி மட்டும் எப்போதும் கீழே நிற்கிறவன் தலையில்தான் வந்து இறங்கும்.

மூன்றாவது, சன்னாசியுடையது.

உரம் தூவும் வேலையை நிர்வாகம் வெளியே ஒரு கம்பெனிக்குக் கொடுத்திருந்தது. கம்பெனியின் சூப்பர்வைசர் சுகுமாறன். அவன் வேறு யாருமில்லை, அன்னம்மாவின் செத்துப்போன புருஷனுக்கு மூத்த அண்ணன் மகன். தாய் ரப்பர் மரத்தில் பால்வெட்டப் போன நாட்களில் அன்னம்மா கையால் பிசைந்த சோற்றைத் தின்று வளர்ந்தவன். சன்னாசியை வேலைக்கு எடுத்ததும் அவன்தான். வீட்டில் சன்னாசி அவனைத் ‘தம்பி’ என்பார், ஓடுபாதையில் ‘சார்’ என்பார்.

சன்னாசியின் வேலை உரம் ஏற்றுவதும் எண்ணெய் ஊற்றுவதும். அதற்கெல்லாம் முன்னால், விடிந்ததும் முதல் வேலை, தண்ணி பார்ப்பது. விமானத்துப் பெட்ரோல் இலேசான நீல நிறம். தண்ணீர் அதைவிடக் கனம் என்பதால் தொட்டியின் அடியில் போய்த் தங்கிவிடும். இறக்கையின் அடியில் இருக்கும் சின்னத் திறப்பை அமுக்கி, கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடிப் போத்தலில் பிடித்து வெளிச்சத்தில் காட்டினால், மேலே நீலமும் கீழே நிறமில்லாத தண்ணீருமாக நடுவில் ஒரு கோடு தெரியும். கோடு போகும்வரை இறக்கிக் கொட்ட வேண்டும். கம்பெனி கொடுத்த குவளை உடைந்து வருஷமாகிவிட்டது; புதுசு வரவில்லை. சன்னாசி வீட்டிலிருந்து ஒரு காலிக் காயா போத்தலைக் கழுவிக் கொண்டுபோனார். ரொட்டிக்குத் தடவும் காயா இருந்த போத்தலில்தான் ஓர் உயிர் தினமும் ஆடிக்கொண்டிருந்தது.

விமானம் ஓட்டியவர் கேப்டன் அஸ்லான். கெடா மாநிலத்து மலாய்க்காரர். ஏறும் முன் ஒருநாள் தவறாமல் “சுடா தெங்கோக்?” என்று கேட்பார். பார்த்தாயிற்றா என்று அர்த்தம். சன்னாசி போத்தலைத் தூக்கிக் காட்டுவார். அவர் தலையசைத்துவிட்டு ஏறுவார்.

கோவிட் அடங்கிய மறுவருஷம், ஆண்டுக் கடைசி மழை. பெட்ரோல் பீப்பாய்கள் இருந்த கொட்டகைக் கூரையைக் காற்று பிய்த்துக்கொண்டு போயிருந்தது. பீப்பாய்கள் மழையில் நின்றபடியே கிடந்தன. நிற்கிற பீப்பாயின் தலையில் தேங்கும் தண்ணீர் மூடி வழியாக மெல்ல உள்ளே இறங்கும். “சார், கூரை போடற வரைக்கும் படுக்கவாச்சும் போட்டுடுவோம்,” என்று சன்னாசி மூன்று தடவை சொன்னார். “மொதலாளிகிட்ட சொல்லியிருக்கேன் லா,” என்று சுகுமாறன் மூன்று தடவையும் சொன்னான். எண்ணெய் இறைக்கும் பம்பில் இருந்த வடிகட்டியும் கிழிந்திருந்தது. அதையும் சொல்லியிருந்தானாம்.

அன்று காலை சன்னாசி போத்தலில் பிடித்தபோது கோடே இல்லை. சுகுமாறன் எட்டிப் பார்த்தான்.

“கோடே காணோம். சுத்தமாத்தான் இருக்கு.”

“சார், நீலத்தையும் காணோம் பாருங்க. போத்தல் பூராவும் தண்ணி.”

சன்னாசி இன்னொரு காலிப் போத்தலில் மறுபடி மறுபடி பிடித்துக் கொட்டினார். ஐந்தாவது தடவைதான் நீலம் வந்தது. முதல் போத்தல் தண்ணீரை மட்டும் கொட்டவில்லை; மூடிபோட்டு, தேநீர் நேரத்தில் கேப்டனிடம் காட்டலாம் என்று சோற்றுப் பையில் வைத்தார்.

“இறக்கையை ஆட்டிவிட்டு அரைமணி நேரம் விட்டுப் பாப்போம் சார். இன்னும் உள்ள இருக்கும்.”

சுகுமாறன் வானத்தைப் பார்த்தான். “அரைமணியில மழை வந்துடும். நான் கேப்டன்கிட்ட சொல்லிக்கிறேன். நீங்க ஒரத்த ஏத்துங்க.”

கேப்டன் அன்று நேரமாகி வந்தார். ஏறி உட்கார்ந்து, வழக்கம்போலச் சன்னாசியைப் பார்த்து, “சுடா தெங்கோக்?” என்றார். சன்னாசி வாயெடுப்பதற்குள் பக்கத்தில் நின்ற சுகுமாறன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். சன்னாசி வாயை மூடிக்கொண்டார்.

ஏன் மூடிக்கொண்டார் என்று கேட்கிறவர்கள் தோட்டத்தில் பிறக்காதவர்கள். வேலை வாங்கும் மண்டோரைத் தாண்டிக் கணக்கெழுதும் கிராணியிடம் பேசக் கூடாது, கிராணியைத் தாண்டித் துரையிடம் பேசக் கூடாது. வெள்ளைக்காரன் போய் எத்தனை காலமாயிற்று! லயத்தை இடித்தாயிற்று, துரை பங்களாவில் கரையான் ஏறியாயிற்று. ஆனால் தாத்தா வாயில் போட்ட பூட்டுப் பேரன் வாயிலும் தொங்குகிறது. மேலே இருப்பவன் “நான் சொல்லிக்கிறேன்” என்றால், கீழே இருப்பவன் அதோடு சரி.

விமானம் இரண்டு தென்னை உயரம் ஏறியிருக்கும். என்ஜின் இருமியது. மறுபடி இருமியது. நின்றது. எதிரே மறுநடவு செய்த இளஞ்செம்பனைக் காடு, இடுப்பு உயரம்தான். கேப்டன் நேரே போகாமல் ஓடுபாதைக்கே திரும்பப் பார்த்தார். திரும்பும்போது ஒரு பக்க இறக்கை சரிந்தது. அப்படியே மூக்கு குப்புற வந்து விழுந்தது.

சன்னாசிதான் முதலில் ஓடினார். அவரும் இரண்டு வங்காளதேசத்து ஆட்களுமாகக் கேப்டனை வெளியே இழுத்தார்கள். ஆம்புலன்ஸ் வருவதற்குள் உயிர் போய்விட்டது. தலையை மடியில் வைத்துக்கொண்டு சன்னாசி மார்பில் அடித்துக்கொண்டு கத்தினார். சுற்றி நின்றவர்களில் ஒருவன் கைக்குத் தொலைபேசிதான் வந்தது, படம்பிடிக்க.

மூன்றாம் நாள், அன்னம்மா பாத்திரம் கழுவும் புஞ்சாக் ஆலாம் பல்கலைக்கழகச் சிற்றுண்டிச் சாலையில், கூட வேலை செய்யும் கலாவதி தொலைபேசியை நீட்டினாள்.

“அக்கா, இந்தக் குடிகாரனப் பாத்தீங்களா? எல்லா வாட்ஸ்அப் குரூப்லயும் இதான் ஓடுது.”

திரையில் சன்னாசி. “தண்ணி... தண்ணிதான்... காலையிலயே... எந் தப்பு, எந் தப்பு!” அதோடு வெட்டியிருந்தார்கள். கீழே எழுதியிருந்ததைக் கலாவதி படித்துக் காட்டினாள்: ‘தண்ணி போட்டுட்டு வேலைக்கு வந்தா இப்படித்தான். ஓர் உயிர் போச்சு. பகிருங்கள்.’

அன்னம்மாவின் கையிலிருந்த தட்டு தொட்டிக்குள் விழுந்தது. “அது என் தங்கச்சி புருஷன்டி. அவரு சர்பத்தையே மோந்து பாத்துக் குடிக்கிறவரு!”

நம் பாஷையின் கொடுமையைப் பாருங்கள். கிணற்றில் இருப்பதும் தண்ணி, கடையில் விற்பதும் தண்ணி. எந்தத் தண்ணி என்று ஒருவனாவது கேட்டானா? நாற்பது வருஷம் ஒரு சொட்டுத் தொடாத மனிதன், ஒரு சொல்லைச் சொன்னதற்குக் குடிகாரன்!

அதற்குள் கம்பெனி கடிதமும் வந்துவிட்டது. சம்பவ தினம் பணியாளர்மேல் மது வாடை அடித்தது, ஆகவே வேலை நீக்கம். கீழே கையெழுத்து சுகுமாறன்.

அன்னம்மா வேலை முடிந்த உடுப்போடு கோலசிலாங்கூர் டவுனில் இருந்த அவன் வீட்டுக்குப் போனாள். வாசலில் கார் கழுவிக்கொண்டிருந்தான்.

“சின்னம்மா, வாங்க, உள்ள வாங்க.”

“உள்ள வந்து ஒன் வீட்டுத் தண்ணியக் குடிச்சா என்னையும் குடிகாரின்னு எழுதிடுவ. இங்கயே நிக்கிறேன். அவரு எந்தத் தண்ணியச் சொன்னாரு?”

சுகுமாறன் குழாயை மூடினான். “மெதுவாப் பேசுங்க சின்னம்மா. பக்கத்து வீட்ல கேக்கும்.”

“கேக்கட்டும். வெள்ளைக்காரன் எழுதியிருந்தா, பாஷை புரியலன்னு விட்டுடுவேன். சீனன் எழுதியிருந்தாலும் விட்டுடுவேன். நீ தமிழன். அந்தப் போத்தல உன் கண்ணால பாத்தவன். தண்ணின்னா என்னன்னு ஒனக்குத் தெரியாது?”

“நான் என்னா செய்யறது? எனக்கும் புள்ளகுட்டி இருக்கு. அந்த வீடியோவ நானா போட்டேன்? ஊரே சொல்லுது, கம்பெனி எழுதச் சொல்லுது, நான் எழுதினேன். சித்தப்பாவுக்கு வேற வேல நானே பாத்துத் தரேன்.”

“அவருக்கு வேல வேணாம்டா. பேரு வேணும்.”

அவன் மறுபடி குழாயைத் திறந்து காரைக் கழுவினான். அன்னம்மா வாசலில் காறித் துப்பவில்லை; துப்பத் தோன்றியது. அவள் கைச் சோறு அவன் உடம்பில் ஓடுகிறதே என்று நினைத்துத் திரும்பி நடந்தாள்.

அடுத்த வாரம் விபத்தை விசாரிக்கிறவர்கள் புக்கிட் பெலிம்பிங்கில் இருந்த புஷ்பா வீட்டுக்கே வந்தார்கள். வயசான மலாய் அதிகாரி ஒருவர், மொழிபெயர்க்க ஷர்மினி என்ற ரவாங் பெண். சன்னாசி நாற்காலியில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். விபத்துக்குப் பிறகு அவர் பேசியதெல்லாம் ‘எந் தப்பு’ என்ற இரண்டு சொல்தான். அன்றும் அதையே சொன்னார்.

கையிலிருந்த கம்பெனிக் கடிதத்தைப் பார்த்துவிட்டு ஷர்மினி தயங்கித் தயங்கிக் கேட்டாள். “ஐயா, தப்பா நினைக்காதீங்க. அன்னைக்குக் காலையில தண்ணி சாப்ட்டிருந்தீங்களா?”

அன்னம்மா எழுந்துவிட்டாள். “சாப்டல கண்ணு. புடிச்சாரு. போத்தல்ல புடிச்சாரு!”

உள்ளே ஓடினாள். சன்னாசியின் சோற்றுப் பை அன்று மாட்டிய ஆணியிலேயே தொங்கியது. புஷ்பாவுக்கு அதைத் திறக்க மனசு வரவில்லை. புளித்த சோற்று நாற்றத்துக்கு நடுவில் காயா போத்தல், மூடி இறுகி அப்படியே இருந்தது. அதைக் கொண்டுவந்து அதிகாரியின் முன்னால் வைத்தாள்.

அதிகாரி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். திறந்து முகர்ந்தார். ஒரு விரலை நனைத்துக் காற்றில் காட்டினார். பெட்ரோல் என்றால் கண்மூடித் திறப்பதற்குள் பறந்துவிடும். விரல் ஈரமாகவே இருந்தது.

“ஆயேர்?” என்று சன்னாசியைப் பார்த்துக் கேட்டார்.

தண்ணீருக்கான அந்த மலாய்ச் சொல்லைக் கேட்டதும்தான் சன்னாசி நிமிர்ந்தார். “ஆயேர், துவான். ஆயேர்.” பிறகு மடை திறந்ததுபோல எல்லாவற்றையும் சொன்னார். கூரை, பீப்பாய், வடிகட்டி, ஐந்து போத்தல், கட்டைவிரல். “கேப்டன் என்னைத்தான் கேட்டாரு. நான் அவர்கிட்டயே சொல்லியிருக்கணும். அதான் எந் தப்பு.”

ஷர்மினியின் கண் கலங்கிவிட்டது. “மன்னிச்சிடுங்க ஐயா,” என்று சொல்லிவிட்டு, பழைய தாளைக் கிழித்துப் போட்டுப் புதுத் தாளில் எழுதினாள்.

புறப்படும்போது அன்னம்மா அதிகாரியை விடவில்லை. “ஒரு என்ஜின் நின்னா விழுந்துதான் ஆகணுமா? கேட்டுச் சொல்லு கண்ணு.”

அவர் நின்று நிதானமாகச் சொன்னார். ஷர்மினி தமிழில் சொன்னாள். நின்றாலும் கொஞ்சதூரம் மிதந்து இறங்கும். உரத்தைக் கொட்டிவிட்டு நேரே இளங்காட்டில் இறங்கியிருந்தால் அநேகமாகப் பிழைத்திருப்பார். தாழ இருக்கும்போது திரும்பினால் வேகம் போய் இறக்கை காற்றை விட்டுவிடும். ஆனால் ஓடுபாதை பின்னால் இருக்கிறது என்று தெரிந்தவனுக்கு மனசு திரும்பத்தான் சொல்லும். எண்ணெயில் தண்ணீர், எண்ணெய் தீர்ந்துபோவது, கம்பி, கனம், மழை, தாழத் திரும்புவது: சின்ன விமானங்கள் உலகம் பூராவும் இவற்றால்தான் விழுகின்றன.

“புதுக் காரணத்துல யாரும் சாகறதில்லையாம்மா. பழைய காரணத்துலயே சாகறாங்களாம்.”

“பழைய காரணம்னா முன்னயே தெரியும்தானே? தெரிஞ்சும் கூரை போடலன்னா அதுக்குப் பேரு விபத்தா?”

ஷர்மினி அதை மொழிபெயர்த்தாள். அதிகாரி தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு போனார்.

அறிக்கை வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. ஷர்மினியே தொலைபேசியில் கூப்பிட்டு, இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் படித்துச் சொன்னாள். எண்ணெயில் தண்ணீர். கூரையில்லாமல் நிறுத்திவைத்த பீப்பாய்கள். மாற்றாத வடிகட்டி. தாழத் திரும்பியது. ‘தரைப் பணியாளர் தண்ணீர் இருப்பதைக் கண்டு மேற்பார்வையாளரிடம் தெரிவித்தார், அது விமானியிடம் தெரிவிக்கப்படவில்லை.’ மது பற்றி ஒரு வரி இல்லை.

புஷ்பா அழுதாள். அன்னம்மா அழவில்லை.

“மாப்ள பேரு போட்டிருக்கா?”

“பேரு போட மாட்டாங்கம்மா,” என்றாள் ஷர்மினி. “யாரையும் குத்தம் சொல்றதுக்கு இல்ல, இனிமே நடக்காம இருக்கத்தான் எழுதறாங்க.”

“கெடுக்கறப்ப மட்டும் மூஞ்சியோட போட்டாங்களே! நல்லது சொல்றப்ப தரைப் பணியாளரா?”

கலாவதி சும்மா இருக்கவில்லை. தான் காட்டிய பாவம் தீர, சன்னாசியைக் கையில் போத்தலோடு உட்காரவைத்து, எது தண்ணி, எது நீலம் என்று சொல்லச் சொல்லிப் படம்பிடித்து அதே குரூப்புகளில் போட்டாள். சொந்தக்காரர்கள் பார்த்தார்கள். அன்று கொடி பிடித்து நின்ற லீலாவதி ரவாங்கிலிருந்து கூப்பிட்டு, படத்தை மூன்று தடவை பார்த்ததாகச் சொன்னாள். மற்றபடி அந்தப் படம் ஓடவில்லை. பழையது மட்டும் வருஷா வருஷம் தீபாவளிக்கு முன்னால் ‘குடிக்காதீர்கள்’ என்ற புத்திமதியோடு மறுபடி வருகிறது.

கம்பெனி ஒரு மன்னிப்புக் கடிதம்கூட எழுதவில்லை. சுகுமாறனுக்குப் பேராக் பக்கம் மாற்றல், அதே வேலை. போன பங்குனியில் அவன் மகள் சடங்குக்கு அன்னம்மாவுக்குப் பத்திரிகை வந்தது. அவள் போகவில்லை. சன்னாசி போனார். “பிள்ளை என்னக்கா செஞ்சுது?” என்று கேட்டுவிட்டுப் போய், ஓரமாக உட்கார்ந்து, கொடுத்த சர்பத்தை முகர்ந்து பார்த்துக் குடித்துவிட்டு வந்தார்.

கேட்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டுமே. சன்னாசி இப்போது புஷ்பாவோடு புக்கிட் பெலிம்பிங்கில்தான் இருக்கிறார். புஞ்சாக் ஆலாமில் பள்ளிக்கூடப் பேருந்துகள் நிறுத்தும் பட்டறையில் வேலை. விடிந்ததும் ஒவ்வொரு பேருந்தின் டீசல் வடிகட்டியிலும் தங்கிய தண்ணீரை இறக்கிப் பார்க்கிறார். தண்ணீர் இருந்தால், பட்டறைச் சூப்பர்வைசரிடம் அல்ல, வண்டி ஓட்டப்போகிறவரிடமே நேராகப் போய்ச் சொல்கிறார்.